அழிக்கச் சொல்லாத கோடு

கார்த்திகை பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வெளியே தூறல். குடையை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் நனையும், அந்த ரகம். விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கதிர் சிகிச்சைப் பிரிவு வாசலில் அஞ்சலையம்மாள் வந்து நின்றார். வயது அறுபத்தாறு, ஊர் வல்லம் பக்கம். இடது மார்பில் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, எங்களிடம் இருபத்தைந்து நாள் கதிர் சிகிச்சை வாங்கிக்கொண்டு போனவர். போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நர்ஸ் பக்கத்தில் நிற்க, சேலையை ஒதுக்கிக் காட்டினார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, சிகிச்சைக்காக நான் அவர் மார்பில் போட்ட கறுப்புக் கட்டம். சிகிச்சை முடிந்து மூன்று வாரத்தில் மறைந்துவிட வேண்டிய அந்தக் கட்டம், நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. இரண்டு, கட்டத்துக்குள் கொப்புளங்கள். எண்ணினேன். பத்தொன்பது. நான் ஓய்வு பெற அப்போது நூற்று ஐம்பத்தைந்து நாள் பாக்கி.

இதை இப்போது எழுதக் காரணம் என் பழைய பிரிவில் இன்று வேலை பார்க்கும் பிள்ளைகள். புதிய மெஷின் வந்திருக்கிறதாம். கேமராவே உடம்பைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறதாம், கோடே வேண்டாமாம். “சார், கோடு போட்ட காலத்தைப் பத்தி ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்று போன் செய்தார்கள். நாலு பக்கம் என்றால் எந்த அளவுத் தாள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார்கள். கைக்குக் கிடைத்த தாளில் எழுதுகிறேன்.

படித்தது சென்னையில் இரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல விசேஷமாக ஒன்றுமில்லை. விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே எழுபத்திரண்டு படிகள், அவ்வளவுதான். பிறகு முப்பத்து மூன்று வருடம் வேலை. கடைசிப் பன்னிரண்டு வருடம் திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி. பஸ் வழியில் எத்தனை இடத்தில் நிற்கும் என்பதில் எனக்கும் கண்டக்டர்களுக்கும் தகராறு உண்டு. அது இங்கே வேண்டாம்.

கோடு போடுவதை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். கதிர் என்பது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைக் கரண்டு என்பார்கள். “கரண்டு வெச்சுக்கப் போறேன்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கரண்டு தினமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழ வேண்டும். அதனால் நோயாளியை மேசையில் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் செய்து, சுவரிலிருந்து வரும் சிவப்பு விளக்குக் கோடு உடம்பில் எங்கே விழுகிறது என்று பார்த்து, டாக்டர் சொன்ன அளவுக்குக் கட்டம் போடுவோம். ஆரம்பத்தில் குச்சியும் ஊதா மையும். பிற்பாடு தோலுக்கென்றே வரும் பேனா. என் கோட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர். மூலை ஒவ்வொன்றும் செங்கோணம். பெருமைக்காகச் சொல்லவில்லை, அளந்திருக்கிறேன்.

போட்ட பிறகு எச்சரிக்கை. கோடு அழியக் கூடாது. அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோப்பு கூடாது. துண்டால் தேய்க்கக் கூடாது. மங்கினால் என்னிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோயாளியிடமும் ஒவ்வொரு நாளும் இந்த ஐந்தையும் சொல்வேன். சொன்னதும் நோட்டில் ஒரு டிக் போடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அஞ்சலையம்மாளையும் கூட வந்திருந்த கணவரையும் சீஃப் மேடத்தின் அறைக்கு அழைத்துப் போனேன். மேடம்தான் எங்கள் பிரிவின் தலைமை டாக்டர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எத்தனை நேரம் துடைக்கிறார் என்பதை வைத்துக் கோபத்தின் அளவைக் கணக்கிடலாம். அவருக்கு ஒரே குறை, எண்ணிக்கை பிடிக்காது. காலையில் போய், “மேடம், இன்னைக்கு நாப்பத்திரண்டு பேர், மூணு பேர் வரல, ரெண்டு பேர் லேட்டு” என்று ஆரம்பித்தால், “ராஜமாணிக்கம், என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. கணக்கை நீங்களே வெச்சுக்கங்க” என்பார்.

அஞ்சலையம்மாளின் கணவர் முனுசாமி உட்காரவில்லை. பையிலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மேடத்தின் மேசைமேல் கவிழ்த்தார். உள்ளேயிருந்து தோலோடு மல்லாட்டை கொட்டியது; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

“மேடம், ஒரு தபா இவளக் கூட்டிக்கினு வந்து போனா ஒரு மல்லாட்டை டப்பால போடுவேன். எண்ணிப் பாருங்க, இருபத்தாறு. இந்த சாரு இருபத்தஞ்சுதான் வெக்கணும். ஒண்ணு ஜாஸ்தி வெச்சிட்டாரு. அதான் வெந்துபூட்டுது.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தை இன்றும் ஒப்பிப்பேன். ‘படுத்தது இருபத்தாறு. வாங்கியது இருபத்தைந்து.’ ஒன்பதாம் நாள் மெஷின் கிளம்பவில்லை. அஞ்சலையம்மாள் மேசைமேல் பதினொரு நிமிடம் சும்மா படுத்திருந்துவிட்டு எழுந்து போனார். சும்மா படுத்ததற்கும் மல்லாட்டை போட்டீர்களா என்று முனுசாமியைக் கேட்டேன்.

“பஸ்காரன் சும்மாவா கூட்டிக்கினு வந்தான்?” என்றார்.

மேடம் ஒரு மல்லாட்டையை எடுத்து, உடைத்து, இரண்டு பருப்பையும் வாயில் போட்டுக்கொண்டார். “இப்ப ரெண்டு பேர் கணக்கும் சரியாயிடுச்சா?”

“மேடம், அது சாட்சி” என்றார் முனுசாமி.

மல்லாட்டை விவகாரம் அதோடு தீர்ந்தது. கோட்டு விவகாரம் தீரவில்லை. அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து மாதத்துக்கு முந்தைய கோடு புதிதாக இருக்கிறது, கோட்டுக்குள் தோல் கொப்புளித்திருக்கிறது. வேறு யார் பார்த்தாலும், முடிந்துபோன நோயாளியை யாரோ மறுபடி கூப்பிட்டுக் கோடு போட்டுக் கரண்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள் என்றார். நான் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து காட்டினேன். ஐந்து மாதத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. மேடம் பார்த்துவிட்டு, “இத எழுதறது யாரு?” என்றார். நான்தான் என்றேன். துடைப்பதை நிறுத்தவில்லை. நான் ஐம்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

விசாரணை என்று ஒன்று ஆரம்பித்தால் அது முடியும்வரை ஓய்வூதியம் முழுதாக வராது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நான்கு வருடம் நடந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் என்மேல் ஒரு மெமோ கிடையாது. பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. எத்தனை இடத்தில் நின்றது என்றுகூட எண்ணவில்லை. என் வீட்டில் அதைக் கேட்டுத்தான் பயந்துபோனார்கள்.

அஞ்சலையம்மாளை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை நான் ஸ்கேலோடு போனேன். முனுசாமி டீ வாங்கப் போயிருந்தார். அஞ்சலையம்மாள் என் கையையும் ஸ்கேலையும் பார்த்துவிட்டு, மெதுவாக, “அது திரும்பி வந்துடுச்சா தம்பி?” என்று கேட்டார். புற்றுநோயைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. கரண்டு அதிகமாகிப்போனது என்று அவர் கணவர்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு அந்தக் கவலையே இல்லை. ஆறு நாளாக அரிப்பில் கண் மூடவில்லை என்றார். திரும்பி வந்துவிட்டதென்றால் வீட்டுக்கே போய்விடுவதாகவும், இன்னொரு முறை மேசையில் படுக்க முடியாதென்றும் சொன்னார். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அளந்தேன்.

கோட்டின் கனம் நான்கு மில்லிமீட்டர். மூலைகள் உருண்டை. அகலம் என் கட்டத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம்.

இது என் கோடு இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது முனுசாமி டீயோடு வந்தார். யார் போட்டது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு மார்க்கரை எடுத்துக் காட்டினார்.

“நான்தான் சார். வாரா வாரம் வெள்ளிக்கெழம. மல்லாட்டை மூட்டைக்கு நெம்பர் போடறது இது. லேசுல அழியாது.”

பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கு அஞ்சலையம்மாள்தான் பதில் சொன்னார்.

“நீதான தம்பி சொன்ன? கோடு அழியக்கூடாது, தண்ணி படக்கூடாது, சோப்பு போடக்கூடாதுன்னு தெனம் சொன்ன. அழிச்சிடுன்னு ஒரு நாளும் சொல்லல. சொல்லாத எப்பிடி அழிக்கறது?”

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. ஐந்து மாதமாக அந்த அம்மாள் இடது பக்கம் தண்ணீர் ஊற்றவில்லை. நான் வெளியே வந்து நோட்டைப் புரட்டினேன். செய்யக் கூடாதவை எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. கடைசி நாளில், இனிக் குளிக்கலாம் என்று சொன்னதற்கு ஒரு டிக் கூட இல்லை. அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே இல்லை. முடிந்தால் குளிப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு முப்பத்து மூன்று வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

கோட்டுக்கு விடை கிடைத்தது. கொப்புளத்துக்குக் கிடைக்கவில்லை. மார்க்கர் மையா என்று சந்தேகப்பட்டோம். கோட்டின்மேல் ஒரு கொப்புளமும் இல்லை, எல்லாம் உள்ளே. மேடம் தோல் டாக்டரை வரச் சொன்னார். சின்ன வயதுக்காரர். வந்தவர் ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது உடையவும் இல்லை, பரவவும் இல்லை, பலூன்போல் விறைப்பாக நின்றது. எரிகிறதா அரிக்கிறதா என்று கேட்டார். அரிப்புதான் என்றார் அஞ்சலையம்மாள். தோல் டாக்டர் யோசித்தார். வேறு எங்காவது கொப்புளம் இருக்கிறதா என்று கேட்டார்.

“கரண்டு வெச்ச எடத்துல மட்டுந்தான்” என்றார் அஞ்சலையம்மாள், சேலையை இழுத்து மூடிக்கொண்டே.

அவர் மூடும்போது எனக்கு அது தெரிந்தது. கட்டத்துக்குக் கீழே, விலாப் பக்கம், காவி நிறத்தில் ஒரு வால். நுனியில் மூன்று முடியோடு.

நர்ஸ் திரை போட்டு, பேசிச் சமாதானம் செய்து, பார்த்துவிட்டு வந்து சொன்னார். சிங்கம். வயிற்றிலிருந்து முதுகு வரை, கெட்டிக் காவியில் ஒரு முழுச் சிங்கம். கொப்புளம் வந்ததும் அக்கி என்று நினைத்து, அஞ்சலையம்மாளின் பிறந்த ஊரான பிரம்மதேசத்துக்குப் போய், அங்கே மண்பானை செய்பவரிடம் அக்கி எழுதிக்கொண்டு, அதாவது கொப்புளம் இறங்கக் காவியில் சிங்கம் வரைந்துகொண்டு, வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னால் திட்டுவார்கள் என்று கட்டத்தை மட்டும் காட்டியிருக்கிறார்.

சிங்கத்தைக் கழுவ வேண்டும் என்றார் தோல் டாக்டர். முடியாது என்றார் அஞ்சலையம்மாள். எழுதினவர் மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். இன்றோடு இரண்டுதான் ஆகிறதாம். டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். மேடமே வந்து சொல்லிப் பார்த்தார்.

“எழுதனவங்க சொல்லாத அழிக்க மாட்டேன் தாயி. அஞ்சு மாசம் இந்தத் தம்பி பேச்சக் காப்பாத்தல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியவரைத்தான் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். முனுசாமி செல்போனில் பிரம்மதேசத்துக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, என் கையில் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“அந்தக் கறுப்புக் கட்டம் போட்டவரு நீங்கதானா?”

முதலில் போட்டது நான், பிறகு போட்டது முனுசாமி என்று விளக்கினேன்.

“அதான பாத்தேன். மொதக் கை நல்ல கை சார், மேல தீட்டனவன்தான் கெடுத்துட்டான். ஒருத்தர் எழுதன எடத்துல இன்னொருத்தர் எழுதக் கூடாது, அதனால கட்டத்த வுட்டுட்டு வெளிய மட்டும் எழுதனேன். நீங்க எத்தினி நாளைக்குத் தண்ணி படக்கூடாதுன்னு கட்டறீங்க?”

“அஞ்சு வாரம்.”

“என்னுது மூணே நாளு” என்றார். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. பிறகு, “டாக்டருங்க கேக்கறாங்கன்னா நான் குறுக்க நிக்கல. ஆனா என்னுத மட்டும் அழிச்சிட்டு உங்களுத வெச்சிக்கினா எப்பிடி? நீங்க உங்களுத அழிக்கச் சொல்லுங்க, நானும் சொல்றேன்” என்றார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். “அம்மா, கோட்ட அழிச்சிடலாம்.” போனில் அவரும் சொன்னார். “யக்கா, சிங்கத்த அழிச்சிடு.”

நர்ஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். முனுசாமியின் மார்க்கர் கடைசிவரை முழுதாகப் போகவில்லை; மூட்டைக்கான மை அல்லவா. சிங்கம் பத்து நிமிடத்தில் போயிற்று. அதன் அடியில் கொப்புளங்கள். நர்ஸ் எண்ணிச் சொல்லச் சொல்ல, நான் திரைக்கு வெளியே நின்று எழுதினேன். வாலில் மூன்று, வயிற்றில் நான்கு, பின்கால்களில் ஆறு, பிடரியில் எட்டு. மொத்தம் இருபத்தொன்று.

காவி பட்டு வந்திருக்குமோ என்று கேட்டேன். “கொப்பளம் வந்துதான சார் எழுதனோம்?” என்றார் முனுசாமி. தோல் டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரண்டே படாத முதுகிலும் கொப்புளம் இருக்கிறது என்றால் இது வெந்த புண் இல்லை என்றார்.

கொப்புளத்தின் ஓரத்தில் ஒன்று, பக்கத்தில் நல்ல தோலில் ஒன்று, ஆக இரண்டு தோல் துணுக்கு எடுத்தார். ஒன்று ஃபார்மலினில், இன்னொன்று வேறொரு திரவத்தில். இரண்டாவதில் ஃபார்மலின் வாடை பட்டாலும் வீண் என்றார். புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். யாரையும் நம்பாமல் நானே லீவு போட்டுவிட்டு, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்தபோது கை இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார். டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொண்டேன். புதுச்சேரி வரை அப்படியே.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. புல்லஸ் பெம்பிகாய்டு என்று பெயர். தோல் டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, புத்துநோய் திரும்பி வரல. இது வேற. கிருமிய அடிக்கறதுக்குன்னு உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குது இல்ல, அது உங்க தோலயே திருடன்னு நெனச்சு அடிக்குது. கரண்டு வெச்ச எடத்துல தோலுக்கு அடியில ஏதோ அதுக்குப் புதுசா தெரிஞ்சிருக்குது. அங்க ஆரம்பிச்சு மத்த எடத்துக்கும் போவுது. மாத்திரை, களிம்பு ரெண்டும் இருக்குது. அடக்கிடலாம்.”

அஞ்சலையம்மாள் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டீ வாங்கியாயா” என்று முனுசாமியிடம் சொன்னார்.

நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, அப்படியானால் கரண்டு அளவு சரிதானே என்று கேட்டேன். சரி என்றார். ஆனால் சரியான அளவு கரண்டுக்கே அபூர்வமாக யாருக்காவது இப்படி வரும் என்றும் சொன்னார். எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கேட்டேன். அவ்வளவு அபூர்வம், எண்ணிச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி, தினமும் புதிதாக எத்தனை கொப்புளம் வந்திருக்கிறது என்று எண்ணுவது. வார்டில் ‘பரவாயில்லை’, ‘அப்படியே’, ‘குறைவு’ என்று எழுதிவைத்தார்கள். தோல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது மேடம் சொன்னார்: “நம்மகிட்ட ஒருத்தர் இருக்கார். ராஜமாணிக்கம், இனிமே கதை வேணாம். கணக்கச் சொல்லுங்க.” என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான்.

ஒரே கொப்புளத்தை இரண்டு தடவை எண்ணக் கூடாது. அதனால் ஒவ்வொன்றையும் சுற்றித் தோல் பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுத வேண்டும். முதல் நாள் பேனாவை எடுத்ததும் அஞ்சலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மறுபடியும் எழுதறியா? இந்தத் தபா எப்ப அழிக்கணும்னு மொதல்லயே சொல்லிடு.”

புதிதாக வருவது மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யம் ஆனதும் அழித்துவிடலாம் என்று சொல்லி, அதை நோட்டில் எழுதி, அவரிடம் காட்டி, டிக் போட்டேன். முதல் நாள் பதினான்கு. நான்காம் நாள் ஒன்பது. எட்டாம் நாள் மூன்று. பன்னிரண்டாம் நாள் பூஜ்யம். பதின்மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால் ஒன்று. தோல் டாக்டர் பார்த்துவிட்டுக் கொசுக்கடி என்றார். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அரை என்று எழுதினேன். பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அன்று அவர் குளித்தார். முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒரு நோயாளிக்கு ஒன்று வாங்கினேன் என்றால் அது அன்று வாங்கிய சந்தன சோப்புதான். தோல் டாக்டர் பிடுங்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தத் தோலுக்கு ஆறு மாதம் சோப்பே கூடாதாம்.

இதற்கிடையில் மேடம் கேட்ட விளக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மெஷினில் தவறில்லை, அளவில் தவறில்லை, கோட்டை எப்போது அழிக்கலாம் என்று நான் சொல்லத் தவறினேன் என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு, நோய் வேறு என்று தெரிந்த பிறகு கடைசி வரி அவசியமா, இது இல்லாமலே பைலை மூடிவிடலாமே என்றார். அவசியம் என்றேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. கையெழுத்துப் போட்டு மூடினார். ஓய்வுக்கு நூற்று இருபத்தெட்டு நாள் பாக்கி இருந்தது.

ஆனால் வேறொரு எண் என்னை விடவில்லை. கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் என் கையால் கோடு போட்டுக்கொண்டு, முடித்துப் போனவர்கள் முன்னூற்று எண்பத்தாறு பேர். இவர்களில் எத்தனை வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மூட்டை மார்க்கர் வெளியே வருகிறது? எல்லோருக்கும் கார்டு போட அனுமதி கேட்டேன். கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் டீக்கடை வரை படிப்பார்கள், நோய் ஊருக்கே தெரிந்துவிடும், கவரில் போடுங்கள் என்றார் மேடம். கவரில் போட்டேன். ‘கோட்டை அழிக்கலாம். குளிக்கலாம்.’ அவ்வளவுதான் செய்தி. பதினான்கு பேர் போன் செய்து, நல்ல வேளை சொன்னீர்கள் என்றார்கள். ஒருவர், அன்றைக்கே குளித்துவிட்டேனே, தப்பா என்று கேட்டார். பதினொரு கவர், வாங்க ஆள் இல்லாமல் திரும்பி வந்தது. அவற்றை நான் பிரிக்கவில்லை.

சிகிச்சை முடியும் நாளில் நோயாளியின் சீட்டில் குத்துவதற்காக, ‘இன்று முதல் குளிக்கலாம்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்து பிரிவில் வைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். புதிய மெஷினுக்குக் கோடு இல்லை, ஆகவே ஸ்டாம்பு வேண்டியதில்லை என்று பிள்ளைகள் போன வாரம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மை காயவில்லை.

செலவு: தபால் தலையோடு கவர் முன்னூற்று எண்பத்தாறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது ரூபாய். நகல் எடுக்க முன்னூற்று எண்பத்தாறு. பசை இருபது. ஸ்டாம்பும் மைப்பெட்டியும் இருநூற்று அறுபது. சந்தன சோப்பு நாற்பத்திரண்டு. அதை நானே போட்டுக் குளித்தேன், ஆனாலும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். மேடம் தின்ற மல்லாட்டைக்கு முனுசாமி விலை கேட்கவில்லை. ஆக மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு ரூபாய்.